மேவிஸின் டீ பாய்லர்

ஹார்க்ஃபோர்டில் வங்கியை மூடிவிட்டார்கள். நூலகம் வாரத்துக்கு இரண்டு நாள். ஆற்றங்கரைக் கழிப்பறையை மாலை நாலு மணிக்கே பூட்டிவிடுவார்கள்; அதற்குமேல் அவரவர் சாமர்த்தியம். ஊருக்கு மிச்சமிருந்த ஒரே சுகம் செவர்ன் ஆறுதான். அதற்குப் போகிற ஒரே சமதளப் பாதையின் கேட்டுக்கும் ஏப்ரலில் சங்கிலி விழுந்தது.

போட்டவர் மில் வீட்டுக்காரர் கிளாட்வின். பாதை அவருடைய புல்வெளி வழியாகப் போகிறது. கால் நன்றாக இருந்தவர்கள் அவரைத் திட்டிக்கொண்டே சுவரேறிக் குதித்தார்கள். லென் டக்கெட்டால் அது முடியாது. பக்கவாதம் வந்து மூன்று வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். நாற்பது வருடம் தூண்டில் போட்ட இடத்துக்கு மனைவி மேவிஸ் தினமும் அவரைத் தள்ளிக்கொண்டு போவாள். இப்போது ஜன்னலில் தெரிவது கார் நிறுத்தும் இடம் மட்டும்.

"ஆறு... ஓடுதா?" என்று சாயங்காலம் ஆனால் கேட்பார்.

"ஓடுது, ஓடுது. நீ சூப்பைக் குடி" என்பாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுவாள்.

பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் உருளைக்கிழங்கு மசித்த கை மேவிஸுடையது. எழுநூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் வரிசையில் நிறுத்தியவள், ஒரு சங்கிலிக்கா பயப்படுவாள்? ஊரில் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தாள். இருபது வருடம் தடையில்லாமல் ஜனங்கள் நடந்த வழி பொதுவழி, சட்டம் அப்படி. ஆனால் சொந்தக்காரர் வருடத்தில் ஒரு நாளாவது பூட்டிவைத்திருந்தால் அந்த உரிமை செல்லாது. கிளாட்வின் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

அக்டோபரில் நகர மண்டபத்தில் விசாரணை. கூட்டத்துக்கு டீ போடும் வேலையும் மேவிஸுக்குத்தான். வேறு யார் போட்டாலும் ஊர் குடிக்காது. மண்டபத்தின் கோடியில் அவளுடைய பெரிய பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. புத்தாண்டுக் காலையில் ஊரே ஆற்றில் விழுந்து குளிக்கும். நடுங்கிக்கொண்டு கரையேறுகிறவர்களுக்கு அதே பாய்லரை ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தப் பாதை வழியாக அவள் கொண்டுபோகத் தொடங்கி இருபத்து மூன்று வருடமாகிறது.

விசாரிக்க வந்த அதிகாரி மெலிந்த பெண்மணி. கிளாட்வின் எழுந்து கோட்டை நீவிவிட்டுக்கொண்டார்.

"புத்தாண்டு அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே பூட்டிடுவேன் மேடம். சாயங்காலம்தான் திறப்பேன். இவங்க எல்லாரும் சுவரேறிக் குதிச்சுத்தான் வந்தாங்க. நல்ல நாள் அதுவுமா எதுக்கு விரட்டணும்னு விட்டுட்டேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. நானே இறங்கிப் போய் மேவிஸ் கையால ஒரு டீ வாங்கிக் குடிப்பேன். ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல."

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மேவிஸ் பாய்லரின் குழாயை மூடினாள்.

"சூடா இருந்துச்சா சார்?"

"பிரமாதமா இருந்துச்சு."

"பால் இல்லாம, ரெண்டு சர்க்கரை. கேட் பூட்டியிருந்தா இந்த பாய்லர் எப்படி சார் உள்ள வந்துச்சு?"

கிளாட்வின் தோளைக் குலுக்கினார். "யாராவது சுவருக்கு மேல தூக்கிக் குடுத்திருப்பாங்க."

"முப்பது லிட்டர், தளதளன்னு கொதிக்குது. சுவரு உங்க நெஞ்சு உயரம். இதோ இருக்கு, தூக்கிக் காட்டுங்க."

வீம்புக்காரர், வந்து பிடித்தார். பாய்லர் ஒரு விரற்கடை எழும்பியது. மூடி ஆடி, வெந்நீர் அவருடைய பளபளக்கும் ஷூவில் தெறித்தது. பட்டென்று வைத்துவிட்டார்.

"பாத்து சார்," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று, "கேஸோட சேர்த்து உங்களையும் அவிச்சிடப் போவுது."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அதிகாரி சிரிக்காமல் ஏதோ எழுதினார். எழுதி முடித்து, "எனக்கும் ஒரு கப் கிடைக்குமாம்மா?" என்றார்.

நவம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. சங்கிலியை வெட்ட வந்த நகரசபை ஆளுக்கு மேவிஸ் கேக் கொடுத்தாள், இரண்டு துண்டு.

புத்தாண்டுக் காலையில் ஊர் ஊர்வலமாகவே போனது. முன்னால் லென்னின் நாற்காலி, பின்னால் தள்ளுவண்டியில் பாய்லர். பழைய இடத்தில் நாற்காலி நின்றதும் லென் தண்ணீரையே பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன. "ஓடுது" என்றார். மேவிஸ் இந்த முறை மறைந்து போய் அழவில்லை. எல்லாருக்கும் எதிரிலேயே மூக்கைச் சிந்தினாள்.

கிளாட்வின் தன் புல்வெளிக்கு வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வருவதா திரும்புவதா என்று தெரியவில்லை போலும். மேவிஸ் ஒரு கப் எடுத்தாள். பால் இல்லை, சர்க்கரை இரண்டு.

லென்தான் கூப்பிட்டார். வார்த்தை வார்த்தையாக வந்தாலும் ஊருக்கே கேட்டது.

"உள்ள வாங்க சார். கேட்... திறந்துதான் இருக்கு."