ஐயா எந்தப் பக்கம்?

ஐம்பதுகளின் நடுவில், வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு இன்னும் போகாத காலத்தில் நடந்தது இது. அப்பா அங்கே கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவர். அப்பாவும் நானும் பிறந்தது திருகோணமலையில்தான். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்துக்கு அது போதவில்லை. மனுப் போட்டு, விசாரணைக்குப் போய், இதுதான் எங்கள் நாடு என்று நிரூபித்தால்தான் பிரஜாவுரிமை. இல்லாவிட்டால் வாக்கும் இல்லை, என்றைக்குக் கப்பலேற்றுவார்களோ என்ற பயம் வேறு. அப்பாவின் மனுவில்தான் அம்மாவும் நானும் இருந்தோம்.

எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயரில் 'இந்தியர்' என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை. அது ஓய்ந்தால், மேடையில் யாருடைய கதிரை நடுவில் என்று சண்டை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பெண்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சங்கம் செய்த ஒரே உருப்படியான காரியம், விசாரணைக்குப் போகிறவர்களுக்கு ஒத்திகை வைத்ததுதான். உபதலைவரான அப்பாதான் அதை நடத்தினார். அதிகாரி மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு, "உன்ர சொந்த ஊர் எது?" என்று அதட்டுவார். யாராவது வாய் தவறித் தன் தாத்தாவின் ஊரைச் சொல்லிவிட்டால் போச்சு. "திருகோணமலை எண்டு சொல்லுங்கோ! வேற ஊரே உங்களுக்கு இல்லை!" என்று பிடித்துக்கொள்வார்.

எங்கள் முறை வந்தது. விசாரணை நடந்த அரசாங்கக் கந்தோரில் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். அவர் திருகோணமலைக்காரர், தங்கமான மனிதர். அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சொந்த ஊர் எது என்ற கேள்வியை மரியாதையாக மாற்றி, "ஐயா எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம்," என்றார்.

அது தாத்தாவின் ஊர். அந்தப் பக்கத்தை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவர் காலை மிதித்தேன், கவனித்தால்தானே! அங்கே போகிற எண்ணம் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. "பின்ன? குலதெய்வம் அங்கதானே. ஒருக்கா எண்டாலும் போகத்தானே வேணும்," என்றார், கல்யாண வீட்டில் சம்பந்தியோடு கதைப்பதுபோல.

தன் மரியாதை செய்த வேலை மொழிபெயர்ப்பாளருக்கு அப்போதுதான் விளங்கியது. பாவம், என்னவோ சமாளித்துப் பார்த்தார். நானும் எழுந்து, "அப்பா பிறந்தது இஞ்சதான் ஐயா, அங்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லை," என்று கத்தினேன். அதிகாரி என்னை வெளியே போகச் சொன்னார். மனு நிராகரிக்கப்பட்டது.

நான் அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர்! சங்கத் தலைவரோ, உபதலைவரே தவறிவிட்டார் என்று தெரிந்தால் சங்கத்துக்கு அவமானம், வெளியே விடவேண்டாம் என்றார். அடுத்த கூட்டத்தில் அரசாங்கத்துக்கு எதிரான கண்டனத் தீர்மானத்தை யார் முன்மொழிவது என்று வழக்கம்போல இழுபறி. அதன் நடுவில் அப்பா எழுந்தார்.

"அதட்டிக் கேட்டா நீங்கள் சரியாச் சொல்லிப்போடுவியள். அன்பாக் கேட்டாத்தான் கவனம். நான் அதிலதான் விழுந்தனான்."

தலைவர் அதற்கும் கைதட்டச் சொன்னார், என்னத்தைச் சொல்ல! ஆனால் அதற்குப் பிறகு ஒத்திகையில் அப்பா அதட்டுவதை விட்டுவிட்டார். தேத்தண்ணீர் கொடுத்து, சுகம் விசாரித்து, மெதுவாகக் கேட்டார். அப்படிப் பழகிப் போன பலருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. எனக்கும் பின்னாளில் கல்யாணத்தால் கிடைத்தது. அம்மாவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அப்பாவும் எந்த நாட்டவராகவும் இல்லாமல், பரமக்குடியையும் பார்க்காமல், திருகோணமலையிலேயே கண்ணை மூடினார்.

மரியாதையாகக் கேட்ட ஒரு கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்ன குற்றத்துக்காக ஒரு மனிதருக்கு நாடே இல்லாமல் போகலாம் என்பதை, இத்தனை வருடம் கழித்தும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.