பீலித் தண்ணீரைப் பார்க்க வந்த ஐயா

இன்று காலை எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் விழுகிற பீலியடியில்...

நுவரெலியாவிலிருந்து ஒரு சுகாதார ஐயா வந்தார்! தொப்பி, பூட்ஸ், கக்கத்தில் தடித்த புத்தகம். எங்கள் தண்ணீரைப் பார்க்க ஒரு ஆள் வருவது இதுதான் முதல் தடவை.

(எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது!)

நாளைக்குக் கொட்டகலைக்குப் போகிறவர்களிடம் இந்தத் தாளைக் கொடுத்துக் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லப்போகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

விஷயம் இதுதான். தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் விழுகிற நோய்க்கு நீல மருந்து அடிக்கிறோம். அடிக்கிற ஆட்களில் நானும் ஒருவன். வேலை முடிந்ததும் பம்பையும் பீப்பாயையும் மேல் ஓடையில் கழுவ வேண்டும். எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையின் உத்தரவு. அந்த ஓடைதான் கீழே இறங்கி எங்கள் பீலியில் விழுகிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான் குடிதண்ணீர்.

ஆக, என் பெண்டாட்டி ராக்கு குடிக்கிற தண்ணீரில் மருந்து கலக்குகிறவன் நானே!

(வீட்டுக்குள் வைத்துக் கலக்கியிருந்தால் போலீஸ் பிடித்திருக்கும். ஓடையில் கலக்கினால் காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் வேலைக்குப் பேர் போடுகிறார்கள்.)

சிரிப்பு அதோடு சரி. மூன்று மாதமாக ராக்குவின் வயிற்றில் சோறு தங்கவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. தோட்டத்து மருந்தய்யா இரண்டு தடவை கலவை மருந்து கொடுத்தார். மூன்றாவது தடவை மருந்து ஊற்றாமலே போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்த மருந்து வேலைக்காவாதும்மா. மொதல்ல அந்தத் தண்ணியக் குடிக்கிறத நிறுத்து."

நிறுத்திவிட்டு எதைக் குடிப்பது?

ஓடையிலிருந்து தள்ளி ஒரு ஊற்றுத் தோண்டினோம். மண் வடிகட்டிக் கொடுக்கும் என்று நம்பினோம். பத்து நாள் நன்றாக இருந்தது. அப்புறம் அதிலும் நாக்கில் செப்புக்காசு வைத்த மாதிரி ருசி. மண்ணுக்குள்ளேயும் இறங்கிவிட்டது!

கணக்கப்பிள்ளையிடம் போனேன். "வேற எடத்துல வச்சுக் கழுவுறோமுங்க ஐயா."

"வேற எடத்துக்குத் தண்ணிய யாருடா சொமக்கிறது? ஒங்க மாமனாரா?"

(மாமனார் செத்து ஆறு வருஷம். இருந்தாலும் சுமந்திருக்க மாட்டார்.)

அதனால்தான் நுவரெலியா சுகாதார ஆபீசுக்கு ஒரு மனு. லயத்து ஆட்கள் ஆளுக்கொரு வரி சொல்ல, நான் எழுதினேன். பதில் வந்தது! ஐயா வருவார், பீலித் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து வையுங்கள் என்று. நான் விடியற்காலையே தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவன். போத்தல் வேலையை ராக்குவிடம் விட்டேன்.

பத்து மணிக்கு ஐயா வந்ததும் என்னை மலையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஓடி வந்தேன். அவர் போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நல்லம் தானே! கண்ணாடி மாதிரி இருக்கு."

நானும் பார்த்தேன். கண்ணாடிதான்!

"ராக்கு, இத எப்பப் புடிச்ச?"

"விடியக்காலையிலங்க. ராத்திரி பூரா ஓடித் தெளிஞ்சிருக்கும்ல?"

"வடிகட்டினியா?"

"பின்ன? சீலத்துணிய நாலா மடிச்சு மூணு தரம் வடிகட்டுனேன். போத்தலயும் சாம்பல் போட்டு வெளக்குனேன். பெரிய மனுசருக்குக் கலங்கல் தண்ணியவா குடுப்பாங்க?"

திட்ட வாய் வரவில்லை. வாசலுக்கு வந்த யார் தண்ணீர் கேட்டாலும், செம்பில் தூசி இருக்கிறதா என்று பார்க்காமல் நீட்டுகிற பழக்கம் எங்கள் லயத்தில் கிடையாது. அவளுக்கு அது சாட்சி இல்லை. விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்.

"ஐயா, சாயங்காலம் நாலு மணிக்கு நில்லுங்க. நானே பீப்பாயக் கழுவிக் காட்டுறேன். அப்பப் பாருங்க நெறத்த!"

அவர் கெட்ட மனிதர் இல்லை. புத்தகத்தைத் திறந்து, விரலை ஓட்டிக் காட்டினார்.

"இது பாருங்க. ஓடையில செத்த மாடு போட ஏலாது. இருக்கு. கக்கூஸ் அழுக்கு விட ஏலாது. இருக்கு. தேயிலை மருந்து? இதுல ஒண்ணும் இல்ல. நீலமா வந்தாலும் நான் என்ன எழுதுறது?"

"அப்ப அந்த வரிய எழுத வைங்க ஐயா!"

"அது எனக்கு ஏலாது. சட்டம் செய்யிறவங்க ஓட்டுக் கேட்டு வருவாங்க தானே? அப்ப சொல்லுங்க."

"தோட்டத்து ஆளுங்க எங்க ஓட்டத்தான் பறிச்சுட்டாங்களேங்க!"

புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ராக்கு ஒரு செம்பை நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் குடிங்கய்யா."

"வேணாம், வேணாம்!" என்றார். கண்ணாடி மாதிரித் தண்ணீர்தான். ஆனாலும் வேண்டாமாம்!

சாயங்காலம் நான் பீப்பாயைக் கழுவினேன். கழுவாவிட்டால் நாளைக்குப் பெரட்டில் பேர் இல்லை. கழுவுவதற்கு முன்னால் மேலே நின்று கையைக் குவித்துக் கத்தினேன்: "வருது! யாரும் புடிக்காதீங்க!" எங்கள் தோட்டத்தில் தண்ணீரைக் காப்பாற்ற இருக்கிற சட்டம் இப்போதைக்கு என் தொண்டை ஒன்றுதான்.

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

இறங்கி வந்தேன். ராக்கு குடத்தை நிறைத்து அடுப்படியில் வைத்துவிட்டாள். பாதிச் செம்பு குடித்தும் இருந்தாள்.

"கத்துனீங்களா? எனக்குக் கேக்கவே இல்லயே" என்றாள்.

மற்றத் தோட்டத்தில் மருந்தடிக்கிற அண்ணமாரே, நீங்கள் பீப்பாயை எங்கே கழுவுகிறீர்கள்? உங்களுக்குக் கீழே யார் குடிக்கிறார்கள் என்று தெரியுமா?

எங்கள் ஓடை எங்கள் பீலியோடு நிற்பதில்லை. எங்களுக்குக் கீழே இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் நாலு மணிக்குத்தான் கழுவுவேன்.