நடு நாற்காலியில் கேட்காத பேஸ்

“ஏனுங் அம்மணி, கூட ஆம்பளையாளு ஆரும் வரலீங்களா? பொட்டி நாப்பது கிலோவாமா.”

துடியலூரில் புது வீடு கட்டியிருந்த, இரும்பு வார்க்கும் பவுண்டரியின் முதலாளி கதவைத் திறந்ததும் கேட்டது இது. நான் தனியாகப் போன முதல் ஹோம் தியேட்டர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தும் ஒன்றரை வருடம் ஆடியோ கடையில் பில் போட்டேன். “இதைச் சரியா செஞ்சுபோட்டா இனி சைட் வேலை உனக்கு. இல்லாட்டி பில் கவுண்டர்தான்” என்று கடை ஓனர் சொல்லியனுப்பியிருந்தார்.

பேஸ் என்கிற தாழ்ந்த, அதிரும் சத்தத்தைத் தரும் சப்ஊஃபர்தான் அந்தப் பெட்டி. அதைத் திரையின் இடப்பக்க மூலைக்குத் தள்ளினேன். உட்காரும் இடத்தில் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்து, டெஸ்ட் டோன் ஓடவிட்டு, மற்ற ஸ்பீக்கர்களைப் போலவே சப்பும் எழுபத்தைந்து டெசிபல் காட்டும்வரை லெவலைத் திருக வேண்டும். மூன்று சாய்வு நாற்காலிகள் இருந்தன. நடுவில் இருப்பது முதலாளியுடையது. அன்று காலைதான் பூசை போட்டு, பொட்டு வைத்து, கைப்பிடியில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். அவர் உட்காருமுன் நான் எப்படித் தொடுவது? பக்கத்து நாற்காலியில் மீட்டரை வைத்து எழுபத்தைந்து பிடித்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஒரு சண்டைக் காட்சி போட்டுக் காட்டினேன். முதலாளியின் மனைவி பக்கத்து நாற்காலியில் துள்ளி, “ஆத்தாடி, வயித்தைக் கலக்குதுங்க!” என்றார். நடுவில் இருந்தவர் முகம் அசையவில்லை.

“எனக்கொண்ணும் கேக்கலையே. இதுக்கா நாப்பது கிலோ?”

சப்பின் லெவலைக் கூட்டினேன். அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அவருக்கு அப்போதும் கேட்கவில்லை. ஐந்தரைக்குச் சம்பந்தி வீட்டார் படம் பார்க்க வருகிறார்கள்.

“அவருக்குக் காது மந்தமுங்க கண்ணு. முப்பது வருசம் பவுண்டரி இரைச்சல். நீ பயப்படாம கெளம்பு” என்றார் அந்த அம்மா.

“ஆமா, உன்ற பேச்சு மட்டும் நல்லாக் கேக்குது” என்றார் அவர்.

கிளம்பியிருக்கலாம். ஆனால் நான் அளக்காத நாற்காலி ஒன்று உண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ஐயா, தப்பு என்னோடதுங்க. உங்க சேர்ல வெச்சு அளக்கவே இல்லீங்க. கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?”

உட்கார்ந்தேன். நிஜமாகவே பேஸ் இல்லை. மீட்டரில் அறுபத்தாறு. அந்த நாற்காலி இருந்தது அறை அகலத்தின் சரிபாதியில். மூலையிலிருந்து வரும் பேஸ் பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பி, அங்கேதான் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. லெவலைக் கூட்டிப் பயனில்லை. சப்பைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. சப்பை நாற்காலியில் ஏற்றிவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து காது கொடுப்பது. எங்கே நன்றாகக் கேட்கிறதோ, அங்கிருந்து நாற்காலிக்கும் அப்படியே கேட்கும்; சப்பை அங்கே வைப்பது. பூசை போட்ட நாற்காலிக்கு இதை எப்படி அவரிடம் சொல்வது? சொன்னேன்.

“என்ற சேர்லயா?”

மல்லிகைச் சரத்தை அவரே கழற்றினார். “ஒரு பக்கம் நான் புடிக்கறேன். தூக்குங்க.”

நான் தரையில் தவழ்ந்தபோது அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். திரையின் நடுவே, அதற்கு நேர் கீழே, பேஸ் முழுசாகக் கேட்டது. சப்பை அங்கே இறக்கி, மூன்று நாற்காலியிலும் அளந்து, நடுவில் எழுபத்தைந்துக்குக் கொண்டுவந்தபோது மணி ஐந்து பத்து. முதலாளி உட்கார்ந்தார். முதல் வெடிச் சத்தத்துக்கே கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

“இப்பத்தானுங்க அம்மணி பொட்டி வேலை செய்யுது.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மரியாதையைப் பேச்சில் வையுங்கள். மீட்டரை, வீட்டுக்காரர் உட்காரும் இடத்தில் வையுங்கள்.

அன்றிலிருந்து சைட் வேலை எனக்குத்தான். இப்போது தாராபுரத்தில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம்தான் போட்டிருக்கிறார்கள். பிளானைக் கேட்டு வாங்கி, தியேட்டர் அறையில் நாற்காலிகள் எங்கே வர வேண்டும், சப்புக்கு எந்த இரண்டு இடத்தில் ஒயர் பாயிண்ட் வேண்டும் என்று குறித்து, என் பெயரைப் போட்டு நேற்று இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டேன்.