புயலுக்குக் குடை தைத்த ருக்குமணியக்கா

ருக்குமணியக்கா இறந்துவிட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

நேற்று மத்தியானம் அடித்த காற்றில் எங்கள் கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் தகரம் பிய்ந்து அவர் மேல் விழுந்தது. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கக்கூட நேரமில்லை.

அதற்குள் கம்பெனி பேஜில் அவர் படம் போட்டாகிவிட்டது. 'எதிர்பாராத விபத்து' என்று எழுதியிருக்கிறார்கள்.

எதிர்பாராத...

நான் இங்கே மற்றவர்கள் பதிவுகளுக்கு லைக் போட்டுவிட்டுப் போகிறவள். இன்று எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, புயலுக்குள் பறக்கும் விமானங்களுக்குக் கருவி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. ஒரு முழத்துக்கும் குறைவான குழாய். விமானத்திலிருந்து போட்டால், விழுந்துகொண்டே காற்றின் வேகத்தை அளந்து மேலே சொல்லும். அது நிதானமாக விழ ஒரு சின்ன பாராசூட் வேண்டும்.

அதைத் தைத்தவர்தான் ருக்குமணியக்கா. திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தவர். தினமும் அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வருவார். பாராசூட்டைக் 'குடை' என்றுதான் சொல்வார்.

அவர் தைத்ததைச் சரிபார்ப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் எங்கே உட்காருவது என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டு நின்றுகொண்டிருந்தேன். தன் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து தைத்தார்.

ஒருநாள் என் போனில் அந்த விமானத்தின் வீடியோவைக் காட்டினேன். உள்ளே எல்லாம் குலுங்குகிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங்க அம்மணி, ஊரே புயலை உட்டுப்போட்டு ஓடுது, இவங்க அதுக்குள்ளயே போறாங்களே. ஊட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

அதற்குப் பிறகு நான் பாஸ் செய்த குடைகளையே அவர் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு தையல் கோணலாக இருந்தாலும் பிரித்துவிடுவார். அவ்வளவு தூரம் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், குடை கிழிந்து வெறுங்கையோடு திரும்பக்கூடாதாம்.

அந்தத் தகரம்... அதன் போல்ட் கழன்று இரண்டு வாரமாகத் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அக்கா சூப்பர்வைசரிடம் சொன்னார். ஷிப்மென்ட் முடியட்டும் என்றார்கள். அப்புறம் என்னிடம் வந்தார்.

"நீங்க படிச்சவங்க. மேல ஒரு மெயில் போட்டுடுங்க அம்மணி."

மேனேஜருக்குப் போட்டேன். முதலில் 'அவசரம்' என்று டைப் செய்தேன். பிறகு அழித்தேன்.

எங்கள் பக்கத்தில் யாரையும் நெருக்கிக் கேட்டுப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, முதல் மாதச் சம்பள வேலையும் என்னுடையது. அந்தப் பயம் வேறு. 'நேரம் கிடைக்கும்போது பார்த்தால் உதவியாக இருக்கும், சார்' என்று முடித்தேன்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி வந்தது. அவ்வளவுதான்.

நேற்றுக் காலை எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. புயல் கரையைக் கடந்து உள்மாவட்டங்கள் வழியாக வருகிறது, பலத்த காற்று வீசும், தகரக் கூரையின் கீழ் இருக்காதீர்கள். தெளிவான தமிழில், அரசு அனுப்பிய எச்சரிக்கை.

"கடலே இல்லாத ஊர்ல என்னங்க புயல்?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

ருக்குமணியக்கா என்னைப் பார்த்தார். அந்தத் தகரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

எங்கோ நடுக்கடலில் அடிக்கும் காற்றை அளக்கத் தெரிந்த கம்பெனி. சொந்தத் தலைக்கு மேல் ஆடிய தகரத்துக்கு ஒரு போல்ட் போடத் தெரியவில்லை. எத்தனை நிமிட வேலை அது? ரிசப்ஷனில் புயல் விமானத்தின் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதைத் தினமும் துடைக்க ஆள் இருக்கிறது.

இன்று மார்ச்சுவரி வாசலில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ப்ளஸ் டூ படிக்கிறாள்.

"ஷெட்டைப் பத்தி யாருமே கம்ப்ளைன்ட் பண்ணலைன்னு சொல்றாங்கக்கா. எங்கம்மா சொல்லவே இல்லீங்களா?"

பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். என் வாய் திறக்கவில்லை. அங்கேயும்.

சொன்னாங்க, கண்ணு. உங்கம்மா சொன்னாங்க. இரண்டு தடவை சொன்னாங்க.

மெயிலும் அந்தக் கட்டைவிரலும் இந்தப் பதிவுக்குக் கீழே படமாக இருக்கின்றன. தேதியோடு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை எனக்கு வேலை இருக்குமா தெரியாது.

அக்கா, நேற்றுக் காலை நீங்கள் என் மேஜையில் வைத்த குடைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். ஒரு தையல்கூட விலகவில்லை.

போய்ட்டு வாங்கக்கா.