என் ஆம்ப்ளிஃபையர் பெண் கேட்ட கதை

தம்போயில் எங்கள் வீட்டுக்கும் வாணியின் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். இரண்டு வருடமாக அவளிடம் வாய் திறக்காத வீரன் நான். புது ஆம்ப்ளிஃபையர் வாங்கிய அன்று மாலை, கைபேசியை அதனுடன் ப்ளூடூத்தில் இணைத்துப் பின்னணி இசையை ஓடவிட்டு, கூடவே கித்தார் வாசித்தேன். அவளுக்குக் கேட்கட்டுமே என்று சத்தத்தை முழுதாக வைத்திருந்தேன்.

பாதியில் பத்து பாகாட் ஊரிலிருந்து அக்கா அழைத்தாள். பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன்.

“டேய், வாணியைத்தான் கட்டிப்பேன்னு குதிச்சியே, அவகிட்ட சொல்லிட்டியா இல்லையா?”

ஆம்ப்ளிஃபையர் அதைத் தெருவுக்கே அறிவித்தது.

“ஐயோ, ஃபோனை வைக்கா!”

“என்னலா பயம்? கித்தார் வாசிச்சே மயக்கிடுவேன்னு சொன்னே!”

ஆம்ப்ளிஃபையரின் வயரைப் பிடுங்கி எறிந்தேன். எதிர்வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை. நிமிர்ந்தால், கேட்டுக்கு வெளியே வாணியின் அப்பா.

“தம்பி, பொண்ணு கேக்கிறதுன்னா இப்படியா ஊருக்கே கேக்கிற மாதிரி கேப்பாங்க? அக்காவை நாளைக்கு நேர்ல வரச் சொல்லுங்க.”

“அங்கிள்…?”

“நான் திட்டத்தான் வந்தேன். வாணிதான் இப்படிச் சொல்லச் சொன்னா.”

அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாகத் தெளியவில்லை. இப்போது வாணி என் மனைவி. என் வாசிப்பில் மயங்கித்தானே சம்மதித்தாய் என்று கேட்டால், எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைக் குறைப்பாள்.