தயிர்சாதத்துக்கு அடியில் இருந்தவை

மச்சாளின் குறிப்புப் புத்தகம் இப்போதும் என் கண்முன் நிற்கிறது. நீல மட்டை, நைந்த மூலைகள். உள்ளே எவ்வளவோ எழுதியிருப்பாள். ஆனால் தகவல் தந்த ஒருவரின் பெயர்கூட இருக்காது. அமெரிக்காவில் பெரிய பத்திரிகையொன்றில் புலனாய்வு நிருபராகப் பல வருடம் வேலை செய்தவள். தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுப்பதைவிட வேலையை விட்டுவிடலாம் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடமாம். நான் மவுண்ட் வெல்லிங்டனில் ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். சனம் கூடினால் பகிடி விட்டுச் சிரிக்கவைப்பது என் உப தொழில். அதற்குப் பாடம் ஒன்றும் கிடையாது.

தன் தாய்க்கு, என் மாமிக்கு, சுகமில்லையென்று மச்சாள் ஒரு வருடம் இங்கே ஹில்ஸ்பரோவில் வந்து நின்றாள். சும்மா இருக்கத் தெரியாதவள். விசாவைக் காட்டி ஆட்களைப் பிழிந்தெடுக்கும் உணவகங்களைப் பற்றி எழுத வெளிக்கிட்டாள். அப்படியொரு உணவகத்தில் சமையல்காரராக இருந்த தஞ்சாவூர்க்காரர், ஃபிரிட்ஜ் திருத்தப் போன இடத்தில் எனக்குச் சிநேகமானவர். அவரை மச்சாளிடம் கூட்டிப்போனது நான்தான். முதலாளி பூட்டிவைத்திருந்த பாஸ்போர்ட்டுகளின் படங்கள், லீவே இல்லாத வேலை அட்டவணைகள், எல்லாவற்றையும் டிஃபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து, மேல்தட்டில் தயிர்சாதத்தோடு கொண்டுவந்தார்.

"என் விசா அந்த ஆளு கையில இருக்கு மேடம். பாத்துக்கங்க."

"என்ர வாயால உங்கட பேர் வராது," என்றாள் மச்சாள்.

என் வாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு பிறந்தநாள் விழா. பகிடிக்குக் கைவசம் வேறு சரக்கில்லை. "இப்ப முதலாளியின்ர கள்ளத்தைக் கடத்துறதுக்குத் தயிர்சாதம்தான் திறம்," என்று தொடங்கி, கேரியரையும் அடித்தட்டையும் நடித்துக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. சிரித்தவர்களில் ஒருவர் அந்த முதலாளியின் சகலன்.

எழுதியதை வெளியிடுமுன் குற்றம் சாட்டப்படுகிறவரிடமே எல்லாவற்றையும் சொல்லிப் பதில் கேட்பது மச்சாளின் வழக்கம். முதலாளிக்குப் போன் எடுத்தாள். "தயிர்சாதக்காரன் குடுத்ததுதானே? அவனை நேத்தே வேலையை விட்டு அனுப்பியாச்சு," என்றாராம் அவர்.

அன்றே என்னிடம் வந்தாள். "நீ ஆருக்கும் சொன்னனியோ?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். எத்தனையோ பெரிய மனிதர்களை அந்த மௌனத்தால் கக்கவைத்தவள். நான் மட்டும் கெட்டிக்காரன். "நானோ? என்ர மனிசிக்கே நான் ஒண்டும் சொல்லுறேல்லை," என்று சிரித்தேன்.

மற்ற வேலையாட்கள் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். கட்டுரை அத்தோடு நின்றது. சமையல்காரர் விசா இழந்து ஊருக்குப் போனார்.

அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்ட மச்சாள், போன மாதம் மாமியின் திவசம் பற்றிக் கதைக்கப் போன் எடுத்தாள். ஏனோ அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றாள். "அந்தச் சமையல்காரர் இண்டைக்கும் நான்தான் காட்டிக்குடுத்தனான் எண்டு நினைக்கிறார். என்ர போனை எடுக்கிறேல்லை."

"நீ அப்பவே அவரிட்ட என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"நீயும் எனக்குத் தகவல் தந்த ஆள்தானே."

அடுத்த நாள் தஞ்சாவூருக்குப் போன் எடுத்தேன். "அண்ணே, நீங்களா? எவ்வளவு நாளாச்சு. அந்தம்மா பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க, பாவம்," என்றார்.

நடந்ததைச் சொன்னேன். வழக்கமான பகிடியென்று நினைத்து, பாதிவரை சிரித்துக்கொண்டிருந்தார்.