தேடாமல் ஓடுங்கோ

ஜப்பானுக்கு வேலைப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்குத் திருகோணமலையில் பண்பாட்டு வகுப்பு நடந்தது. முதல் வாரத்தைச் சிரித்தே கழித்தோம். எவ்வளவு குனிந்து வணங்குவது, கழிப்பறைக்கு எந்தச் செருப்பு, குப்பையை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் பாடம். குப்பைக்கும் சோதனை வைப்பார்களோ என்று பகிடி விட்டவள் நான்தான்.

நாங்கள் போகவிருந்தது ஒரு துறைமுக ஊருக்கு, மீன் பதனிடும் வேலைக்கு. அதனால் ஒருநாள் சுனாமிப் பாடம் வந்தது. பாடம் எடுத்த ரீச்சர் அங்கே பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர்.

"அபாயச் சங்கு ஊதினால் மேட்டுக்கு ஓடுங்கோ. ஒருத்தரையும் தேடி நிக்க வேண்டாம். தாயெண்டாலும் பிள்ளையெண்டாலும் அவரவர் ஓடவேணும். அங்க கரையோரத்தில சின்னனிலேயே இப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிறவை."

வகுப்பே விறைத்துப் போனது. பாதிப் பேர் சுனாமி அடித்த சல்லி, நிலாவெளி, குச்சவெளிப் பிள்ளைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேடாமல் ஓட நாங்கள் என்ன மிருகமே, ரீச்சர்?"

என் அண்ணன் சுனாமியில் போனவன். அப்போது நான் கைக்குழந்தை. அலை அவனை அம்மாவின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

ரீச்சர் கோபிக்கவில்லை. "தேடிப் போனவை கனபேர் திரும்பி வரேல்லை, பிள்ளை. எல்லாரும் ஓடுவினம் எண்டு முதலே கதைச்சு வைச்சால்தான் எல்லாரும் தப்பலாம்" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை.

சல்லி பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"இப்பிடிப்பட்ட சனத்தோட வேலை செய்ய என்னால ஏலாது. நான் போகமாட்டன் அம்மா."

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அங்க இதைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கினமோ? உண்மையாவோ?"

"ஓம்."

"அண்ணன் என்ர கையில இருக்கேல்லை, பிள்ளை. தோணியடியில விளையாடிக்கொண்டு நிண்டவன். ஒருக்காக் கூப்பிட்டனான். பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். திரும்பிப் போகேல்லை. உன்ர அப்பாவுக்கும் இது தெரியாது."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இப்படியொன்றை நான் நினைத்துப் பார்த்ததில்லை. மிருகம் என்று நான் கத்தியது யாரை என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மா கையைக் கழுவாமலே என் தோளைப் பிடித்தார்.

"நாளைக்கு வகுப்புக்குப் போ. போய் அந்த ரீச்சரிட்டக் கேள். அங்க அப்பிடி ஓடின தாய்மாரைச் சனம் என்ன சொல்லுமாம்?"